பத்துப் போகத்தின் கணக்கில் ஒரு பங்கின் விலை

கிளிநொச்சிப் பக்கம் பரந்தனிலோ முரசுமோட்டையிலோ ஒரு வயல் விலைக்கு வருகிறது என்றால், வாங்க வருகிறவர் போன காலபோகத்தில் எத்தனை மூடை விழுந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு முற்பணம் கொடுப்பதில்லை. வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா என்று பார்ப்பார். 2016–17 வறட்சியில் கதிர் வந்ததா என்று பக்கத்து வயல்காரரிடம் விசாரிப்பார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது எத்தனை நாள் வெள்ளம் நின்றது, இரசாயன உரம் இல்லாத 2021–22 காலபோகத்தில் என்ன மிஞ்சியது, சிறுபோகக் கூட்டங்களில் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் ஒதுக்கினார்களா என்றெல்லாம் கேட்டுத்தான் ஒரு விலைக்கு வருவார்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் மூடைக் கணக்கில்தான் நடக்கும். குத்தகையைக்கூடப் பல இடங்களில் மூடையில்தான் பேசுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டு நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை 2020இல் கிலோ 50 ரூபாய். 2025 பெப்ரவரியில் 120 ரூபாய். ரூபாய் வருமானத்தை மட்டும் எழுதி வைத்திருந்தால், ஒரு மூடைகூடக் கூடுதலாக விளையாத வயலும் இரண்டு மடங்குக்கு மேல் முன்னேறிவிட்டது போலத் தெரியும்.

நல்ல வருடமும் கெட்ட வருடமும் கலந்த நீண்ட காலத்தைப் பார்ப்பது ஒன்று, பணத்தின் மதிப்புத் தேய்ந்ததைக் கழித்துப் பார்ப்பது மற்றொன்று. பங்குச் சந்தையில் ஒரு கம்பனியின் விலையை எடைபோட இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த முறைதான் ஷில்லர் விகிதம். கேப் விகிதம் என்றும் சொல்வார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கைத்தொலைபேசிச் செயலியில் சிடிஎஸ் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு முறையில் பதிந்து வைக்கும் கணக்கு, வைத்துப் பங்கு வாங்கும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் பலர் வயலுக்குக் கேட்கும் கேள்வியைக் கம்பனிக்குக் கேட்பதில்லை என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

பொதுவாக எல்லோரும் பார்ப்பது விலை உழைப்பு விகிதத்தை, அதாவது பீஈயை. கம்பனியின் ஒரு வருட இலாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்கொன்றுக்கான உழைப்பு கிடைக்கும். சந்தை விலையை அந்த உழைப்பால் வகுத்தால் பீஈ. 60 ரூபாய்ப் பங்கு வருடத்துக்கு 6 ரூபாய் உழைத்தால் பீஈ 10. உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு படித்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். என்னிடம் படித்த ஒருவர், கொவிட்டுக்குப் பிறகு ஒருநாள் போனை நீட்டி, "சேர், பீஈ நாலுதான் சேர். நல்ல மலிவெல்லோ?" என்று கேட்டார். கையுறை செய்யும் கம்பனி ஒன்று.

மலிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த "நாலு" எந்த வருடத்து உழைப்பால் வகுத்து வந்தது? கொவிட் காலத்தில் உலகம் முழுக்கக் கையுறைக்குக் கிராக்கி வந்து, அந்தத் துறையின் இலாபம் முன்பு காணாத உயரத்துக்குப் போன வருடம் அது. கிராக்கி தணிந்ததும் இலாபமும் இறங்கிவிடும் என்று சந்தைக்குத் தெரியும். அதனால்தான் உழைப்பு ஏறிய அளவுக்கு விலை ஏறவில்லை. பீஈ குறைவாகத் தெரிந்தது கீழே இருந்த எண் பெருத்ததால். எதிர்ப்பக்கமும் இதே ஏமாற்று உண்டு. 2008இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்காவின் எஸ் அன்ட் பி 500 என்ற பங்குச் சுட்டெண்ணில் உள்ள பெரிய கம்பனிகளின் கூட்டு உழைப்பு நட்டத்துக்கே போய்விட்டது. அதனால் 2009இன் முதற்பாதியில் அந்தச் சந்தையின் சாதாரண பீஈ நூறைத் தாண்டியது. அந்த எண்ணை நம்பி விலகியவர் ஒரு தலைமுறையில் வந்த மிக நல்ல விலைகளில் ஒன்றைத் தவறவிட்டார். அதே 2009 மார்ச்சில் பத்தாண்டுச் சராசரியை வைத்த ஷில்லர் விகிதம் 13ஐ ஒட்டித்தான் இருந்தது.

இந்த யோசனை ஷில்லருக்கு முந்தியது. 1934இலேயே, அமெரிக்காவின் பெருமந்தம் இன்னும் தீராத நேரத்தில், முதலீடு பற்றி எழுதிய பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டொட்டும் ஒரு வருட இலாபத்தை வைத்து விலை பேசாதீர்கள், ஐந்து வருடத்துக்குக் குறையாத, முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரியைப் பாருங்கள் என்று எழுதினார்கள். 1988இல் பொருளியலாளர்கள் ஜோன் கம்பெல்லும் ரொபர்ட் ஷில்லரும் அதை எடுத்து, ஒவ்வொரு வருட உழைப்பையும் விலைச் சுட்டெண்ணால், அதாவது விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்ணால், இன்றைய பணத்துக்கு மாற்றிவிட்டுச் சராசரி எடுத்து, சந்தை விலையை அந்தச் சராசரியால் வகுத்தார்கள். 1871 வரை பின்னோக்கிப் போகும் தரவைக் கொண்டு சோதித்தபோது, இந்த விகிதம் உயர்ந்திருந்த காலங்களைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் பங்குகள் கொடுத்த பலன் பெரும்பாலும் குறைவு, தாழ்ந்திருந்த காலங்களைத் தொடர்ந்து பலன் பெரும்பாலும் அதிகம் என்று தெரிந்தது. அமெரிக்கச் சந்தையில் இதன் நீண்டகாலச் சராசரி 17 அளவில். 1929 சரிவுக்கு முன் 30ஐத் தாண்டியிருந்தது. 1999 கடைசியில் 44ஐ எட்டியது. 1982இல் 7க்கும் கீழே கிடந்தது. ஷில்லருக்கு 2013இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இலங்கைக்கு வருவோம். அமெரிக்காவில் பத்து வருடத்தில் விலைவாசி சாதாரணமாகக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஏறும். அங்கே பணவீக்கத்தைக் கழிக்காமல் விட்டாலும் விகிதம் கொஞ்சம்தான் பிசகும். இங்கே அப்படி இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த வருடம் அதே செப்டெம்பரில் 1.3 சதவீதம். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் தணிந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை ஏறியபடியே நின்றுவிட்டது. அரிசி, மண்ணெண்ணெய், பாண் வாங்கும் எவருக்கும் அது தெரியும். 2021இன் ஒரு ரூபாயையும் 2024இன் ஒரு ரூபாயையும் அருகருகே வைத்துக் கூட்டினால், இரண்டு வேறு நாட்டு நாணயங்களைக் கூட்டியது போலாகிவிடும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். எண்கள் நான் வைத்தவை. அவற்றின் ஏற்ற இறக்கம் மட்டும் நம் நாட்டின் கதையை ஒட்டியது. ஒரு கம்பனியின் பங்கொன்றுக்கான உழைப்பு பத்து வருடங்களில் வரிசையாக 4, 5, 5, 6, 3, 4, 6, 14, 12, 11 ரூபாய். அதே வருடங்களின் விலைச் சுட்டெண் 100, 104, 111, 116, 121, 126, 134, 196, 230, 233. இன்று பங்கின் விலை 110 ரூபாய்.

கடைசி வருட உழைப்பால் வகுத்தால் பீஈ 10. பத்து வருட உழைப்பையும் அப்படியே கூட்டினால் 70, சராசரி 7 ரூபாய், விகிதம் கிட்டத்தட்ட 16. "ஐயோ, விலை கூட" என்று தள்ளிவிடத் தோன்றும். இனி ஒவ்வொரு வருட உழைப்பையும் பத்தாம் வருட ரூபாய்க்கு மாற்றுவோம். வழி எளிது. அந்த வருட உழைப்பை 233ஆல் பெருக்கி, அந்த வருடச் சுட்டெண்ணால் வகுக்க வேண்டும். முதல் வருடத்து 4 ரூபாய் இன்றைய பணத்தில் 9 ரூபாய் 32 சதம். நாலாம் வருடத்து 6 ரூபாய், 12 ரூபாய் 5 சதம். ஐந்தாம் வருடத்து 3 ரூபாய், 5 ரூபாய் 78 சதம். எட்டாம் வருடத்து 14 ரூபாய், 16 ரூபாய் 64 சதம். இப்படிப் பத்தையும் மாற்றிக் கூட்டினால் 106 ரூபாய் 48 சதம் வரும். சராசரி 10 ரூபாய் 65 சதம். விலையை அதால் வகுத்தால் விகிதம் 10.3.

இந்தக் கணக்கில் விகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கம்பனியின் ஆண்டறிக்கையில் தலைவர் எழுதும் பக்கத்தில் "பத்தாண்டில் எமது உழைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு" என்று பெருமையாகப் போடலாம். 4 ரூபாய் 11 ரூபாயாகியிருக்கிறது, எண்ணில் பொய் இல்லை. இன்றைய பணத்தில் பார்த்தால் 9 ரூபாய் 32 சதம் 11 ரூபாயாகியிருக்கிறது, அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு மொத்தமாக 18 சதவீதம். "வேகமாக வளரும் கம்பனி" என்று கூடுதல் விலை கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

எட்டாம் வருடத்து 14 ரூபாயை ஏன் வைத்தேன் என்றால், 2022ஐ ஒட்டிய நம் கம்பனிகளின் கணக்குகள் பல அப்படித்தான் இருந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரைக் கையில் வைத்திருந்த ஏற்றுமதிக் கம்பனி, ஒரு சாமானும் கூடுதலாக விற்காமலே பெரிய நாணயமாற்று இலாபத்தைப் பதிந்தது. பழைய விலைக்கு வாங்கிக் களஞ்சியத்தில் வைத்த பொருளைப் புதிய விலைக்கு விற்றவருக்கும் கணக்கில் கொழுத்த இலாபம். அதே பொருளைத் திரும்ப வாங்கப் போனால் அந்த இலாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். உரம் ஒரு மூடை 1,500 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த கடைக்காரர் அதைப் பத்தாயிரத்துக்கு மேல் விற்ற காலத்தை இங்கே எல்லோரும் பார்த்தோம். அது வியாபாரத் திறமையால் வந்த உழைப்பு இல்லை, அடுத்த வருடம் திரும்ப வரப்போவதும் இல்லை. மறுபக்கத்தில், அரசாங்கம் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததால், அரசின் டொலர் பிணைமுறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, வைத்திருந்த வங்கிகள் நட்டத்துக்கென்று பெரிய தொகைகளை ஒதுக்க வேண்டி வந்தது. பெரிய கம்பனிகள் மேல் ஒருதடவை வரியாக 25 சதவீத மிகைவரியும் விழுந்தது. ஒரு வருடத்தை மட்டும் எடுத்தால் இதில் எதுவும் கம்பனியின் உண்மை நிலையைச் சொல்லாது. பத்து வருடத்தில் கலந்தால் மிகையும் குறையும் ஓரளவு ஒன்றையொன்று சமன்செய்யும்.

இதைச் சொந்தமாகச் செய்ய விரும்புகிறவர் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். பெரிய கம்பனிகள் பல, பத்தாண்டுச் சுருக்கம் ஒன்றை அங்கே போடும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் தேவைப்படுவது எண்கள்தானே. குழுமத்துக்கு ஒரு நிரலும் தாய்க் கம்பனிக்கு ஒரு நிரலும் இருந்தால் குழுமத்தின் எண்ணை எடுங்கள். அப்புறம் பங்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்திருந்தால், பிரித்ததற்கு முந்திய வருடங்களின் உழைப்பை ஐந்தால் வகுக்காமல் பாவித்தால் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும். நம் வங்கிகள் பங்கிலாபத்தின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் புதிய பங்குகளாகத் தரும் வழக்கம் உள்ளவை. அதையும் சரிக்கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்து ஆட்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். சிக்கலாகத் தோன்றினால், ஒவ்வொரு வருடத்து மொத்த இலாபத்தையும் இன்றைய பணத்துக்கு மாற்றிச் சராசரி எடுத்து, கம்பனியின் மொத்தச் சந்தை மதிப்பை அதால் வகுத்துவிடலாம். இடையில் உரிமைப் பங்கு, அதாவது இருக்கும் பங்குதாரருக்கே புதிய பங்கு, விற்றுப் பெரிய முதல் திரட்டாத கம்பனிக்கு அது போதும்.

விலைச் சுட்டெண் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் கிடைக்கும். கொழும்புச் சுட்டெண்ணின் அடிப்படை வருடம் இடையிடையே மாறியிருக்கிறது. 2006/07 ஒரு தொடர், 2013 ஒன்று, 2021 ஒன்று. ஒரு தொடரின் எண்ணை அடுத்த தொடரின் எண்ணோடு நேரே ஒப்பிட்டால் விலைவாசி பாதியாகிவிட்டது போன்ற அபத்தம் வரும். இரண்டு தொடருக்கும் பொதுவாக உள்ள ஒரு மாதத்தை எடுத்து, அந்த விகிதத்தால் பழைய எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் கம்பனிகள் பலவற்றின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், சுட்டெண்ணின் சராசரியையும் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை எடுப்பதே சரி. மற்ற வருடங்களில் இது சின்ன விஷயம். 2022/23இல் சின்ன விஷயம் இல்லை.

வந்த விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் இன்னொரு பயன் உண்டு. 10.3 என்றால், 110 ரூபாய் போட்டால் வருடத்துக்குச் சராசரியாக 10 ரூபாய் 65 சதம் உழைப்பு, அதாவது 9.7 சதவீதம். இது பணவீக்கத்தைக் கழித்த பிறகு நிற்கும் வீதம். எனவே இதை வங்கி நிலையான வைப்பின் வட்டியோடு நேரே ஒப்பிடக்கூடாது, வட்டியில் பணவீக்கத்தைக் கழித்து வருவதோடுதான் ஒப்பிட வேண்டும். 2022 கடைசியில் அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தபோது எவ்வளவோ பேர் மகிழ்ந்தார்கள். அந்த நேரம் விலைவாசி அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு வருடத்தில் பணவீக்கம் இறங்கியபோதுதான் அந்த வட்டியைப் பூட்டிவைத்தவர்களுக்கு மெய்யான இலாபம் கிடைத்தது.

இந்த விகிதத்தை நேரம் பார்க்கும் கருவியாக எடுக்கிறவர்களை நான் கடுமையாக எச்சரிப்பேன். 1996 டிசெம்பர் தொடக்கத்தில் கம்பெல்லும் ஷில்லரும் அமெரிக்க மத்திய வங்கியில் போய்ச் சந்தை விலை மிஞ்சிவிட்டது என்று சொன்னார்கள். இரண்டு நாளில் அதன் தலைவர் அலன் கிரீன்ஸ்பான் அதே கவலையைப் பொதுமேடையில் சொன்னார். சந்தை அதற்குப் பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் ஏறியது. அன்றே விற்றவர் அவ்வளவு காலமும் மற்றவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் 2009 மார்ச்சில் எஸ் அன்ட் பி 500 சுட்டெண் 1996 டிசெம்பரில் இருந்ததற்கும் கீழே வந்து நின்றது. பன்னிரண்டு வருடக் கேள்விக்கு இந்த விகிதம் சரியான பதில் சொன்னது, பன்னிரண்டு மாதக் கேள்விக்குச் சொல்லவில்லை.

கொழும்பில் இதற்கு ஒத்த கதை 2009இல் தொடங்கியது. வன்னிச் சனம் செட்டிக்குளம் முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்த அதே மாதங்களில், கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறிக்கொண்டிருந்தது. 2008 கடைசியில் 1,500 அளவில் இருந்தது 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது. இனி ஹோட்டல் நிறையும், வீதி வரும், வங்கிக்கு வடக்கில் கிளைகள் வரும் என்ற எதிர்பார்ப்பில் விலை ஓடியது. அந்த உச்சத்தைச் சுட்டெண் திரும்பத் தாண்டியது 2021 தொடக்கத்தில்தான். பத்து வருடம் காத்திருந்தவர் பழைய எண்ணைக் கண்டார். இடையில் விலைவாசி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. பங்கிலாபம் கிடைத்திருக்கும், அது ஓரளவு ஈடு. எதிர்பார்த்த வளர்ச்சியில் ஒரு பகுதி உண்மையாகவே வந்தது, ஏ9 வீதியில் போகிற எவரும் அந்த வங்கிக் கிளைகளைப் பார்க்கலாம். வந்த வளர்ச்சிக்கும் சேர்த்து முற்கூட்டியே விலை கொடுத்துவிட்டதுதான் பிரச்சினை.

இந்த முறைக்கு ஒத்துவராத கம்பனிகளும் உண்டு. பத்து வருடத்துக்கு முன் தும்புக் கயிறு செய்துவிட்டு இன்று மின்சாரம் விற்கும் கம்பனிக்குப் பழைய உழைப்பு எதையும் சொல்லாது. கணக்கீட்டு விதிகளும் நடுவில் மாறியிருக்கின்றன. 2012 ஜனவரியிலிருந்து நம் கம்பனிகள் சர்வதேச நியமங்களை ஒட்டிய புதிய நியமங்களில் கணக்கு எழுதுகின்றன. வங்கிகள் கடன் நட்டத்துக்கு ஒதுக்கும் முறை 2018இல் மாறியது. அமெரிக்கப் பேராசிரியர் ஜெரமி சீகல் இதே காரணத்துக்காக ஷில்லரோடு வாதாடினார். 2001க்குப் பிறகு வந்த விதிகள் சொத்து மதிப்பு இறங்கியதையெல்லாம் உடனே நட்டமாக எழுத வைப்பதால் உழைப்புக் குறைந்து விகிதம் பெருத்துத் தெரிகிறது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஒரு கம்பனியின் விகிதத்தை அமெரிக்கச் சராசரியான 17உடன் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதைவிட, அதே கம்பனியின் பழைய விகிதங்களோடும் அதே துறையிலுள்ள இன்னொரு கம்பனியோடும் ஒப்பிடுவதை நான் விரும்புகிறேன்.

இப்போது கணக்குச் செய்கிறவர்கள் ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். 2021/22, 2022/23 என்ற இரண்டு வருடங்களும் இன்னும் பல காலம் பத்தாண்டுச் சராசரிக்குள் இருக்கும், 2032 அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போகும். டொலரால் இலாபம் பெருத்த கம்பனிக்கு அப்போது சராசரி இறங்கி விகிதம் ஏறும். நட்டத்துக்கு ஒதுக்கிய வங்கிக்குச் சராசரி ஏறி விகிதம் இறங்கும். கம்பனியில் ஒன்றும் மாறாமலே இது நடக்கும். ஆகவே சராசரியை எழுதும் தாளில் அந்த இரண்டு வருடங்களையும் சேர்த்து ஒரு விகிதம், விட்டு ஒரு விகிதம் என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகி நின்றால், அந்த வருடங்களின் ஆண்டறிக்கையை எடுத்து நாணயமாற்று இலாபம் எவ்வளவு, வங்கியானால் ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு விலை பேசலாம்.